கருவைத் தூளுக்கு வழி சொன்னவர்கள்

அந்தக் காலத்தில் பூந்தூளுக்கு வாய் இருந்தது. மகரந்தம் என்று பாடப் புத்தகத்தில் இருக்குமே, அதேதான். பூவைத் தொட்டால் விரலில் மஞ்சளாக ஒட்டும். அது பேசும், கேள்வி கேட்கும், கோபித்துக்கொள்ளும். மரமும் பேசும், ஆடும் பேசும். மனிதர்கள் பேசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பூந்தூளுக்கு இருந்தது ஒரே வேலைதான். தன் மரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும், தன் இனத்து இன்னொரு மரத்தின் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் காய் பிடிக்கும். சேராவிட்டால் மண்ணோடு மண். ஒவ்வொரு பூவின் வாசலிலும் "யாரது?" என்று ஒரு குரல் கேட்கும். "வேம்பு" என்றால் வேப்பம்பூ உள்ளே விடும். புளியந்தூள் தவறிப் போய் அங்கே நின்றால், "நீ அடுத்த வீடுப்பா" என்று அனுப்பிவிடும். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள், அதனால் சிக்கல் இல்லை.

பிள்ளைகள் மரத்தடியில் படுத்துக் கிடப்பார்கள். போகிற தூள் அவர்கள் மூக்குமேல் கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும். யாருக்கும் தும்மல் வராது. அப்போதெல்லாம் பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் தும்முவார்கள், அவ்வளவுதான்.

கானாவயல் என்று ஒரு ஊர் இருந்தது. மழை கம்மி, வெயில் தாராளம். அந்த ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. வழி கேட்டு வந்தவரிடம் "தெரியாது" என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீர் கேட்டு வந்தவரிடம் இல்லை என்பதும், வழி கேட்டவரிடம் தெரியாது என்பதும் அவர்களுக்கு ஒரே அசிங்கம். அதனால் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கை நீண்டுவிடும். "நேரா போங்க. ஒரு புளிய மரம் வரும். அங்க கேளுங்க." புளிய மரத்திடம் போனால் அதுவும், "இடது கைப் பக்கமா திரும்புங்க" என்னும். மரங்களும் அதே ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவைதானே. வெளியூர்க்காரர்கள் ஊரைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். திரும்பும்போதும் "தங்கமான சனங்க" என்று சொல்லிக்கொண்டுதான் போவார்கள்.

வழி சொல்வதில் ஊரிலேயே பேர் வாங்கியவர் இருளாண்டி. எந்த ஊரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அவர் கானாவயலைத் தாண்டிப் போனதே இல்லை. அது ஒரு தனி விஷயம்.

இருளாண்டியின் மதினி ராக்கு. அவளுக்கு ஊருக்குத் தெற்கே ஒரு பயற்றங்கொல்லை, ஏழு வயதில் பூமயில் என்று ஒரு மகள். கொல்லையில் தட்டாம்பயறு தலை காட்டினால் போதும், ஆடுகள் வந்து மேய்ந்துவிடும். வேலி கட்ட முள் கிடையாது. ராக்கு கம்பை எடுத்துக்கொண்டு ஓடி ஓடிக் களைத்துப் போனாள்.

ஒரு நாள் தெற்கே எங்கிருந்தோ வந்த ஒரு கிடாயை அவள் கொல்லையில் மடக்கிப் பிடித்தாள்.

"அடிக்காதத்தா. உனக்கு ஒரு நல்லது சொல்றேன்" என்றது கிடா.

"நீ தின்னதைக் கக்கு, அதுதான் எனக்கு நல்லது."

"கக்க முடியாது. வேற வழியாத்தான் வரும். வரும்போது அதுல ஒரு விதையும் இருக்கும். வர்ற பாதையில ஒரு மரத்துக் காயைத் தின்னேன், என்னா இனிப்புங்கிற! அதோட விதை. தண்ணி வேணாம், உரம் வேணாம். பாறையில போட்டாலும் முளைக்கும். முள்ளுன்னா முள்ளு, எங்க ஆளுக ஒருத்தனும் உள்ள நுழைய முடியாது."

"உங்க ஆளுகளைத் தடுக்க நீயே விதை குடுக்கிறியா?"

"நான் வெளியூருத்தா. உங்க ஊரு ஆட்டைப் பத்தி எனக்கென்ன?"

ராக்கு சிரித்துவிட்டாள். கிடாயை விட்டுவிட்டு, அது போட்டுவிட்டுப் போன புழுக்கையை வரப்போரம் ஒதுக்கினாள். விதை முளைத்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் உயரம் வளர்ந்து, வரப்பு முழுக்கப் படர்ந்துவிட்டது. பார்ப்பதற்கு ஊர்க் கருவேல மரமான கருவை மாதிரியே இருந்ததால் வேலிக்கருவை என்று பேர் வைத்தார்கள். ஆடுகள் வந்து முகத்தை நீட்டும், முள் குத்தும், கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போகும். அந்த வருடம்தான் ராக்கு வீட்டில் முதல் முறையாகத் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கை பயற்றால் நிரம்பியது.

பிறகு கருவை பூத்தது. மஞ்சளாக, பூனை வால் மாதிரி, கொத்துக் கொத்தாக.

பூத்ததும் தூள்கள் கிளம்பத் தயாராகின. மூத்த தூள் ஒன்று தாய் மரத்திடம் கேட்டது. "அம்மா, நம்ம வீட்டுப் பூ எங்கே இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானே ஆட்டு வயித்துல உட்கார்ந்து வந்தவ. இந்த ஊர்ல கேட்டுப் பாரு. நல்ல சனங்கன்னு சொல்றாங்க."

"வீடு எப்படி இருக்கும்?"

"உள்ளே ஈரமா இருக்கும். பிசுபிசுன்னு ஒட்டும். கதகதன்னு இருக்கும். உட்கார்ந்தா எந்திரிக்க மனசு வராது. அதுதான் வீடு."

மூத்த தூள் இறங்கியது. மற்ற தூள்கள் கிளையிலேயே காத்திருந்தன. கீழே கொல்லையில் ராக்கு குனிந்து பயறு பறித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, வேலிக்கருவைப் பூவுக்கு எப்படிப் போகணும்?"

ராக்கு நிமிரக்கூட இல்லை. "புளிய மரத்துப் பக்கமா போ" என்று கையை நீட்டினாள். ஏன் அந்தப் பக்கம்? கை அந்தப் பக்கம் இருந்தது, அதனால்.

புளிய மரம் பெரிய மரம். நிழலுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதனிடம்தான் ஊர்ச் செய்தி கேட்பார்கள். அதற்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்.

"வேலிக்கருவைப் பூவா? தெரியுமே! நேரா பனைக்குப் போய், அங்கேருந்து சோத்தாங்கைப் பக்கம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்க்காமலா சொல்றேன்? போடா."

பனையிடம் போனது. பனை உயரத்திலிருந்து சுற்றும் முற்றும் பார்த்தது. அப்படி ஒரு பூ எங்குமே தென்படவில்லை. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இப்படியே கிழக்கால போப்பா" என்றது.

கிழக்கே இருளாண்டி வந்துகொண்டிருந்தார். தூள் கேட்டு முடிக்கும் முன்னாலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். "இது தெரியாதா உனக்கு? வந்த வழியில திரும்பு. கொல்லை வரும். கொல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு. மேட்டுல யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க."

மேட்டில் இருந்தது பூமயில். ஒரு கையில் தாய் ஆட்டின் கயிறு, இன்னொரு கையில் துள்ளுகிற குட்டி. இரண்டு கையும் காலி இல்லை. வெயில் வேறு.

"பாப்பா, வேலிக்கருவைப் பூ வீடு எங்கே இருக்கு?" தூளுக்கு அதற்குள் மூச்சு வாங்கியது.

பூமயிலுக்குத் தெரியாது. ஆனால் அவளும் கானாவயல் பிள்ளைதான். கை நீட்ட முடியாததால் முகவாயை வெடுக்கென்று தூக்கி, மூக்கால் ஒரு பக்கம் காட்டினாள். "அந்தா!"

நம் ஊரில் கை ஒழியாதபோது எல்லாரும் இப்படித்தான் காட்டுவோம். நமக்கு அது பழக்கம். வெளியூர்த் தூளுக்கு என்ன தெரியும்? அது மூக்கு காட்டிய திசையைப் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தது. இரண்டு வாசல். இரண்டும் திறந்து கிடந்தன. "யாரது?" என்று யாரும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தது. ஈரமாக இருந்தது. பிசுபிசுவென்று ஒட்டியது. கதகதப்பாக இருந்தது.

"அம்மா சொன்ன மாதிரியே இருக்கு!" என்று உள்ளே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் வாசலில் வந்து நின்று கத்தியது. "டேய், வீடு கிடைச்சிருச்சு! எல்லாரும் வாங்கடா!"

மரத்தில் இருந்த அத்தனை தூளும் கிளம்பி வந்தன. காற்று மஞ்சளாகிவிட்டது.

"அச்ச்!" என்று பூமயில் தும்மினாள்.

கொல்லையிலிருந்து ராக்கு, "நூறு" என்றாள். பிள்ளை தும்மினால் நூறு வயது இருக்கட்டும் என்று சொல்வதுதானே.

"அச்ச்!"

"இருநூறு."

"அச்ச்! அச்ச்! அச்ச்!"

ராக்கு ஐநூறு வரை சொன்னாள். அதற்குமேலும் தும்மல் நிற்கவில்லை. பயற்றங்கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பூமயில் கயிற்றை விட்டிருந்தாள், குட்டியையும் விட்டிருந்தாள். கண் கோவைப்பழம் மாதிரி சிவந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் சத்தம் கேட்டது. உதடு கறுத்துக்கொண்டே வந்தது.

"என்னத்தா பண்ணுது? என்னத்தைத் தின்னே?"

பிள்ளை மூக்கைத் தொட்டுக் காட்டியது. ராக்கு மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே திருவிழாக் கூட்டம் மாதிரி சத்தம்.

"யாரு அங்க?"

"வேலிக்கருவைத் தூளு. நீங்க யாரு?"

"நான் இந்தப் பிள்ளையைப் பெத்தவ. வெளியே வாங்க எல்லாரும். அது என் பிள்ளை மூக்கு!"

 மூத்த தூள் வாசலுக்கு வந்தது. "அப்படியா? வீடுன்னுதானே சொன்னாங்க."

"எவன் சொன்னான்?"

"முதல்ல நீங்க சொன்னீங்க."

ராக்கு தன் கையைப் பார்த்தாள்.

இதற்குள் இருளாண்டி ஓடி வந்து, "மதினி, புகை போடுவோமா?" என்றார். "பேசாம இரு, உன் பேரும் வரப்போகுது" என்றாள் ராக்கு. பிறகு மறுபடி மூக்கிடம் குனிந்தாள். "ஏன்யா, ஊருல இத்தனை மூக்கு இருக்கு. இந்தா நிக்கிறான் என் கொழுந்தன். இவன் மூக்குக்குள்ள போயிருக்கக் கூடாதா? ஏன் சின்னப் பிள்ளை?"

"அதையும் எட்டிப் பார்த்தோம்த்தா. அங்கே வாசல்ல கறுப்பா வேலி போட்டிருக்கு. வேலி போட்ட வீட்டுக்குள்ள போறது மரியாதை இல்லை. இங்கே வேலியே இல்லை."

இருளாண்டி மூக்கு மயிரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ராக்கு அழ ஆரம்பித்துவிட்டாள். "இப்ப என்ன செஞ்சா வெளியே வருவீக? சொல்லுங்க. என்னன்னாலும் செய்றேன்."

"எங்களுக்கும் இங்கே நல்லா இல்லை. காய் பிடிக்கிற மாதிரி தெரியலை" என்றது தூள். "ஆனா அஞ்சு பேரு தெரியும்னு சொல்லி அனுப்பிவிட்டாங்க. அஞ்சு பேரு வார்த்தையைத் தட்டிட்டு எப்படிப் போறது? அனுப்பினவங்களே தெரியாதுன்னு சொல்லட்டும். ஒவ்வொருத்தர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கூட்டமா கிளம்பிடுறோம்."

இவ்வளவுதான் கேட்டது. ஒரே ஒரு வார்த்தை. ஆனால் கானாவயலில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதே இல்லை.

ராக்கு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். விசில் சத்தம் மெலிந்துகொண்டே போனது. மெலிவது நல்லதற்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி. "உங்க வீடு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் கையை நீட்டினேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உங்க விதையைக் கொண்டாந்த கிடா தெக்கேருந்து வந்துச்சு."

"அச்ச்!"

ஒரு கூட்டம் வெளியே வந்து விழுந்தது. விழுந்த தூள்கள் எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு தெற்கே பறந்தன. பூமயிலுக்கு நூல் அளவு மூச்சு கிடைத்தது.

ராக்கு கொழுந்தனைப் பார்த்தாள். "சொல்லுப்பா."

"மதினி, நான் போய் எப்படி..." இருளாண்டிக்கு வேர்த்துவிட்டது. "நாளைக்கு ஒருத்தன் என்கிட்ட வழி கேப்பானா? சிரிக்க மாட்டானுகளா?"

"சிரிக்கட்டும். உன் அண்ணன் மக உதட்டைப் பாரு."

அவர் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது" என்றார். ரொம்பச் சின்னக் குரல். தூளுக்கு அது போதும். "அச்ச்!" இன்னொரு கூட்டம் வெளியே போனது. அதைக் கேட்டுப் பனையும், "எனக்கும் தெரியாதுப்பா. மேலே இருந்து பார்த்தேன், ஒண்ணும் தென்படலை" என்றது. இன்னொரு தும்மல்.

"இப்ப நீ சொல்லுத்தா" என்றாள் ராக்கு.

பூமயில் வாயைத் திறந்தாள். "தெ... அச்ச்!" மறுபடி முயன்றாள். "தெ... தெ... அச்ச்!" வார்த்தை வெளியே வரவே இல்லை. தும்மல் முந்திக்கொண்டது. அவள் அழுதுகொண்டே மூக்கைப் பிடித்தாள், விட்டாள், கடைசியாக உடம்பே குலுங்குகிற மாதிரி ஒரு தும்மல் போட்டாள்.

மூத்த தூள் யோசித்தது. "இந்தப் பாப்பா தெரியாதுங்கிறதை இப்படித்தான் சொல்லுது போல. சரி, புரிஞ்சிருச்சு பாப்பா." சொல்லிவிட்டுத் தன் கூட்டத்தோடு அதுவும் வெளியே பறந்தது.

பூமயில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தாள். விசில் சத்தம் இல்லை. ராக்கு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

இன்னும் புளிய மரம் பாக்கி. அதன் சொல்லுக்குக் காத்திருந்த கூட்டம் மட்டும் உள்ளேயே இருந்தது. ராக்கு போய்க் கெஞ்சினாள், இருளாண்டியும் போனார்.

"நான் காட்டின வழி சரியான வழி" என்றது புளி. "திரும்ப வேண்டிய இடத்துல அதுக திரும்பலை. அதுக்கு நான் என்ன பண்றது?"

"ஒரு வார்த்தைதானே சாமி!" என்றாள் ராக்கு.

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது."

கடைசி வரை வரவில்லை. அதனால் அந்த ஒரு கூட்டம் பிள்ளையின் மூக்கிலேயே தங்கிவிட்டது. பூமயில் பிழைத்துக்கொண்டாள், ஓடினாள், ஆடினாள். ஆனால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

ராக்கு அன்றைக்கே அரிவாளை எடுத்துப் போனாள். கருவையை அடியோடு வெட்டினாள். கருவை கோபப்படவில்லை. "என்னைக் கொண்டாந்ததும் நீதான், வெட்டுறதும் நீதான். நல்லா இருக்கு" என்றது. வெட்டிய இடத்தில் ஒரு கிளைக்குப் பதில் பத்துக் கிளை வந்தது. அதற்குள் தெற்கே போன தூள்கள் வீட்டைக் கண்டுபிடித்திருந்தன. ராக்கு உண்மையைச் சொன்னதால்தான் கண்டுபிடித்தன. பிள்ளையைக் காப்பாற்றியதும் அதே உண்மைதான், அதனால் அவளைக் குறை சொல்ல முடியாது. தெற்கே காய் காய்த்துத் தொங்கியது. அந்தக் கிடா ஊர் ஊராக விருந்து சாப்பிட்டது. போன இடமெல்லாம் புழுக்கை, புழுக்கை விழுந்த இடமெல்லாம் கருவை. கண்மாய்க்குள் கருவை, ரோட்டோரம் கருவை, சுடுகாட்டில் கருவை.

கருவைக்குப் பக்கத்திலேயே கருவை வந்துவிட்டது. இனி தூள் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. அப்படியும் அது பிள்ளைகளை விடவில்லை. ஏனென்றால் புளியின் சொல்லுக்காகத் தங்கிய அந்தக் கூட்டம் பூமயில் மூக்கிலிருந்துகொண்டு, போகிற வருகிற தூளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. "இது பெரிய மரம் சொன்ன வீடுடா. வேலி இல்லாத வாசலா பார்த்து உள்ள போங்க." அந்த முகவரியை ஒரு தூள் இன்னொரு தூளுக்குச் சொல்ல, அது இன்னொன்றுக்குச் சொல்ல, எல்லா ஊர்க் கருவைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த கோடையில் கானாவயல் பிள்ளைகள் அத்தனை பேரும் தும்மினார்கள். பெற்றவர்கள் ராக்குவின் கொல்லையில் கூடி, "இந்த மரத்தை எப்படி ஒழிக்கிறது?" என்றார்கள். ஒருவர் எரிக்கச் சொன்னார். ஒருவர் உப்புப் போடச் சொன்னார். ஒருவர் அமாவாசையில் வெட்டினால் வளராது என்று அடித்துச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருளாண்டி மட்டும், "எனக்குத் தெரியாது. வேர் எம்புட்டு ஆழம் போகுதுன்னு முதல்ல தோண்டிப் பார்க்கணும்" என்று மண்வெட்டியை எடுத்தார். யாரும் அவர் பின்னால் போகவில்லை. பூமயில் போனாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

கருவை மஞ்சளாகத் தொங்குகிற மாதங்களில் பிள்ளைகளுக்குக் கண் சிவப்பதும் மூச்சு விசிலடிப்பதும் அதற்குப் பிறகு வந்த வழக்கம்தான். முதலில் மூக்கு நுனியில் நமநமவென்று வருமே, அது தூள் வாசலில் நின்று "இதுதானே வீடு?" என்று கேட்பது. தும்மல், பிள்ளைகள் அதற்கு உண்மையைச் சொல்வது.